கலப்படம் இல்லாத பாலில் நஞ்சு எப்படி வந்தது? மாட்டுத் தீவன மூட்டைக்குள் என்னதான் இருக்கு?

2019ஆம் ஆண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. விருதுநகர் மாவட்டத்தின் பால், நாடு முழுக்கப் பேசப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில் பால் தொடர்பான இன்னொரு பட்டியலும் வெளியானது. அதிலும் தமிழ்நாடுதான் முதலிடம். ஆனால், அது பெருமைப்படும்படியான முதலிடம் இல்லை.

பாலில் 'அஃப்ளடாக்சின் எம்1' என்ற பூஞ்சை நஞ்சு வரம்பை மீறி இருந்த மாதிரிகள் எங்கே அதிகம் என்ற பட்டியல் அது. இத்தனைக்கும் அந்தப் பாலில் யாரும் எதையும் கலக்கவில்லை. பிரச்னை பால் கேனில் இல்லை, மாட்டின் தீவனத் தொட்டியில் இருந்தது.

தீவனத்தில் என்னென்ன சேர்க்கிறார்கள், எது அவசியம், எது ஆபத்து, யார் கண்காணிக்கிறார்கள்? விரிவாகப் பார்ப்போம்.

அந்த ஆய்வில் என்ன தெரிந்தது?

இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம், அதாவது எஃப்எஸ்எஸ்ஏஐ, 2018 மே முதல் அக்டோபர் வரை நாடு தழுவிய பால் ஆய்வு ஒன்றை நடத்தியது. 1,103 நகரங்களில் இருந்து 6,432 மாதிரிகள் எடுக்கப்பட்டன. பாக்கெட் பால், கறந்த பால் இரண்டும் இதில் அடக்கம்.

முடிவுகள் இப்படி வந்தன:

- உடல்நலத்தைப் பாதிக்கும் அளவுக்குக் கலப்படம் செய்யப்பட்டிருந்தவை: 12 மாதிரிகள்
- ஆன்டிபயாடிக் எச்சம் வரம்பை மீறியவை: 77 மாதிரிகள்
- அஃப்ளடாக்சின் எம்1 வரம்பை மீறியவை: 368 மாதிரிகள்

கலப்படம் கண்டுபிடிக்கப்பட்ட அந்த 12 மாதிரிகளில் தமிழ்நாட்டு மாதிரி ஒன்றுகூட இல்லை. ஆனால், அஃப்ளடாக்சினில் கதையே வேறு. தமிழ்நாட்டில் எடுத்த 551 மாதிரிகளில் 88ல் வரம்பை மீறி இருந்தது. ஏறக்குறைய ஆறில் ஒன்று. அடுத்த இடங்களில் டெல்லியும் கேரளாவும்.

இன்னொரு விஷயத்தையும் கவனிக்க வேண்டும். கறந்த பாலைவிடப் பதப்படுத்திய பாலில்தான் இந்த நஞ்சு அதிகம் தென்பட்டதாக ஆணையம் சொன்னது. பாக்கெட் பால் என்றால் பிரச்னை இல்லை என்ற நம்பிக்கை இங்கே உதவாது.

நாம் சண்டை போட்டது வேறு விஷயத்துக்கு

2017 மே மாதம் ஞாபகம் இருக்கிறதா? அப்போது பால்வளத் துறை அமைச்சராக இருந்தவர் சிவகாசி தொகுதி எம்.எல்.ஏ. கே.டி.ராஜேந்திர பாலாஜி. தனியார் நிறுவனங்கள் பாலில் ரசாயனம் கலக்கின்றன என்று அவர் குற்றம்சாட்டினார். நிறுவனங்கள் சென்னை உயர் நீதிமன்றம் போயின. டீக்கடை முதல் வாட்ஸ்அப் வரை அதே பேச்சு.

அந்த விவாதம் முழுவதும் 'கறந்த பிறகு பாலில் யார் என்ன கலக்கிறார்கள்' என்பதைச் சுற்றியே ஓடியது. அடுத்த ஆண்டே நடந்த ஆய்வில் பெரிய எண்ணிக்கை வந்தது 'கறப்பதற்கு முன்பு மாடு என்ன தின்றது' என்ற பக்கத்தில் இருந்து. அதைப் பற்றிப் பெரிதாக யாரும் சண்டை போடவில்லை. குற்றவாளி என்று விரல் நீட்ட ஓர் ஆள் கிடைக்காததும் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

அஃப்ளடாக்சின் என்றால் என்ன?

நிலக்கடலை, மக்காச்சோளம், பருத்திக்கொட்டை போன்றவற்றில் ஈரமும் சூடும் சேர்ந்தால் 'ஆஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸ்' என்ற பூஞ்சை வளரும். அது சுரக்கும் நஞ்சுதான் அஃப்ளடாக்சின். 1960ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் கொத்துக் கொத்தாகச் செத்தன. என்ன நோய் என்று தெரியாமல் 'எக்ஸ் நோய்' என்று பெயர் வைத்தார்கள். கடைசியில் தீவனத்தில் கலந்திருந்த கடலைப் புண்ணாக்குதான் காரணம் என்று தெரிந்தது. அப்படித்தான் இந்த நஞ்சு உலகுக்கு அறிமுகமானது.

மனிதர்களையும் இது விட்டுவைக்கவில்லை. 1974ல் ராஜஸ்தான், குஜராத் மாநிலங்களின் பழங்குடிக் கிராமங்களில் பூஞ்சை பிடித்த மக்காச்சோளம் சாப்பிட்டவர்களுக்குக் கல்லீரல் பாதித்து, நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் இயங்கும் புற்றுநோய் ஆய்வு முகமை, அஃப்ளடாக்சின்களை மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் குழுவில் வைத்திருக்கிறது.

தீவனத்தில் இருப்பது 'பி1' வகை. மாடு அதைத் தின்றால், அதன் கல்லீரல் ஒரு பகுதியை 'எம்1' ஆக மாற்றுகிறது. அது மடிக்குப் போய்ப் பாலில் இறங்குகிறது. தின்ற ஒரு நாளுக்குள் பாலில் தெரிய ஆரம்பித்துவிடும். நல்ல செய்தி என்னவென்றால், கெட்ட தீவனத்தை நிறுத்தினால் சில நாட்களில் பாலில் இருந்து குறைந்துவிடும்.

கெட்ட செய்தியும் உண்டு. பாலைக் காய்ச்சினால் இது போகாது. பாஸ்சுரைசேஷனிலும் போகாது. பாலில் உள்ள கேசீன் என்ற புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும் குணம் இதற்கு இருப்பதால், சீஸ் போன்ற பொருட்களில் இதன் செறிவு கூடும். பாலைச் சுண்டக் காய்ச்சும் பால்கோவாவுக்கும் அடிப்படை இதேதான்: தண்ணீர் ஆவியாகும், நஞ்சு இருந்தால் அது தங்கிவிடும். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவில் நஞ்சு இருக்கிறது என்று இதற்கு அர்த்தம் இல்லை. அந்தப் பெயரைக் காப்பாற்ற வேண்டுமானால், அடுப்புக்கு முன்னால் தீவனத் தொட்டியைப் பார்க்க வேண்டும் என்பதுதான் அர்த்தம்.

கணக்குப் போட்டுப் பார்ப்போமா?

இந்தியாவில் பாலுக்கான வரம்பு, ஒரு கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம் எம்1. ஐரோப்பிய ஒன்றியத்தில் அது 0.05. நம்மைவிடப் பத்து மடங்கு கறார்.

ஒரு கறவை மாடு தினமும் 5 கிலோ அடர் தீவனம் சாப்பிட்டு, 10 லிட்டர் பால் கறக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தின்ற பி1 நஞ்சில் சுமார் 2 சதவீதம் பாலுக்குப் போகிறது என்று எடுத்துக்கொள்ளலாம். மாட்டுக்கு மாடு இது மாறும். அதிகம் கறக்கும் மாடுகளில் கூடும்.

- தீவனத்தில் கிலோவுக்கு 5 மைக்ரோகிராம் இருந்தால்: பாலில் லிட்டருக்கு 0.05. ஐரோப்பிய வரம்பை ஒட்டி நிற்கும்.
- தீவனத்தில் 20 இருந்தால்: பாலில் 0.2. இந்திய வரம்புக்குள் அடங்கும்.
- தீவனத்தில் 100 இருந்தால்: பாலில் 1. இந்திய வரம்பைப் போல இரு மடங்கு.

கறவை மாட்டுத் தீவனத்துக்கு ஐரோப்பா வைத்திருக்கும் வரம்பு 5. இந்தியத் தர நிர்ணய அமைவனமான பிஐஎஸ் வைத்திருக்கும் வரம்பு 20. ஆக, காகிதத்தில் நம் கணக்கும் சரியாகத்தான் இருக்கிறது. அந்த 20ஐ யார் அளந்து பார்க்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

விருதுநகருக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

பேப்பரில் வாராவாரம் வரும் 'விருதுநகர் மார்க்கெட் நிலவரம்' பார்த்திருப்பீர்கள். கடலை எண்ணெய், நல்லெண்ணெய், வத்தல், பருப்பு வரிசையில் கடலைப் புண்ணாக்கு, எள்ளுப் புண்ணாக்கு விலையும் இருக்கும். எண்ணெய் வியாபாரத்தில் பேர்போன ஊர் என்பதால், எண்ணெய் எடுத்த பிறகு மிஞ்சும் புண்ணாக்கும் இங்கே பெரிய சரக்கு. கரிசல் மண்ணில் பருத்தி விளைவதால் பருத்திக்கொட்டையும் மாட்டுக்குப் பழக்கமான தீனி.

புரதம் நிறைந்த அருமையான தீவனங்கள் இவை. ஆனால், சரியாகக் காயவைத்துச் சேமிக்காவிட்டால் அஃப்ளடாக்சின் அதிகம் பிடிப்பதும் இவற்றில்தான்.

சிவகாசி, சாத்தூர் பக்கம் இன்னொரு சிக்கல் சேர்கிறது. வானம் பார்த்த பூமி. விவசாயம் கைகொடுக்காத இடத்தில் பட்டாசும் தீப்பெட்டியும் கைகொடுத்தன. ஆனால், தீபாவளி முடிந்ததும் பட்டாசு வேலை மந்தமாகிவிடும். அந்த நேரத்தில் வீட்டில் நிற்கும் ஒரு மாடோ நாலு ஆடோ கொடுக்கும் காசு பெரிய ஆறுதல். வடகிழக்குப் பருவமழையால் காற்றில் ஈரம் ஏறி, மூட்டைத் தீவனத்தில் பூஞ்சை பிடிப்பதும் அதே மாதங்களில்தான். கையில் காசு குறைந்த நேரத்தில், லேசாக வாடை அடிக்கும் புண்ணாக்கை யாரும் சட்டென்று குப்பையில் கொட்ட மாட்டார்கள்.

மூட்டைக்குள் வேறு என்னென்ன சேர்க்கிறார்கள்?

'தீவனத்தில் கெமிக்கல்' என்று கேட்டதும் பயப்படத் தேவையில்லை. கடையில் வாங்கும் கலப்புத் தீவனத்தில் தானியம், தவிடு, புண்ணாக்கு தவிர, சிறு அளவில் சேர்க்கப்படும் பொருட்கள் பல. அவை எல்லாம் ஒரே ரகம் இல்லை.

- தாது உப்புக் கலவை: கால்சியம், பாஸ்பரஸ், துத்தநாகம், தாமிரம் போன்றவை. வைக்கோல், சோளத்தட்டை மட்டும் தின்னும் மாட்டுக்கு இவை பற்றாது. பற்றாக்குறை வந்தால் சினை பிடிப்பதே தள்ளிப்போகும். சேர்க்கத்தான் வேண்டும்.
- வைட்டமின்கள், நொதிகள், ஈஸ்ட்: செரிமானத்துக்கும் சத்துக் குறைபாட்டுக்கும்.
- யூரியா: கேட்கவே விசித்திரமாக இருக்கும். அசை போடும் மாடுகளின் வயிற்றில் உள்ள நுண்ணுயிரிகள் யூரியாவில் இருந்து புரதம் தயாரிக்கும். அதனால் அளவோடு சேர்க்க அனுமதி உண்டு. அளவு மீறினால் அம்மோனியா ஏறி மாடு செத்தே போகலாம்.
- டாக்ஸின் பைண்டர்: பூஞ்சை நஞ்சைப் பிடித்துவைக்கும் பொருள்.
- ஆன்டிபயாடிக்: வளர்ச்சிக்காகக் கோழித் தீவனத்தில் சேர்க்கப்பட்டு வந்தது. உண்மையான வில்லங்கம் இங்கேதான்.

டாக்ஸின் பைண்டர் போட்டால் தீர்ந்துவிடுமா?

பாதி தீரும். பெண்டோனைட் போன்ற களிமண் வகைகள் மாட்டின் குடலில் அஃப்ளடாக்சினைத் தன் மேல் ஒட்டவைத்துச் சாணத்தோடு வெளியேற்றிவிடும். ஐரோப்பிய ஒன்றியம் 2013ல் பெண்டோனைட்டை இந்த வேலைக்காகவே முறைப்படி அனுமதித்தது.

ஆனால், எல்லாப் பூஞ்சை நஞ்சுக்கும் இது வேலை செய்யாது. அஃப்ளடாக்சினை நன்றாகப் பிடிக்கும் களிமண், வேறு சில பூஞ்சை நஞ்சுகளைக் கண்டுகொள்ளாது. நஞ்சு மிக அதிகமாக இருந்தால் பைண்டரும் திணறும். இதைவிடப் பெரிய ஆபத்து, 'பைண்டர் போட்டாச்சே' என்ற தைரியத்தில் கெட்டுப்போன சரக்கை உள்ளே தள்ளுவது. இது கடைசிப் பாதுகாப்பு. காயவைத்துச் சேமிப்பதற்கு மாற்று இல்லை.

ஆன்டிபயாடிக் கதை என்ன?

1940களின் இறுதியில் அமெரிக்காவில், ஆன்டிபயாடிக் தயாரிப்பில் மிஞ்சும் கழிவைத் தின்ற கோழிக் குஞ்சுகள் வேகமாக எடை போடுவதைக் கவனித்தார்கள். அங்கே பிடித்த பழக்கம் உலகம் முழுக்கப் பரவியது. நோய்க்கு மருந்தாக இல்லாமல், எடை கூட்டுவதற்காகத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தீவனத்தில் போடுவது.

இதில் என்ன பிரச்னை? குறைந்த அளவில் தொடர்ந்து மருந்தைப் பார்க்கும் கிருமிகள், அதைத் தாங்கப் பழகிவிடும். பிறகு அதே கிருமி மனிதனுக்கு வந்தால் மருந்து கேட்காது.

கொலிஸ்டின் இதற்குச் சரியான உதாரணம். ஐசியூவில் மற்ற மருந்துகள் கைவிட்ட பிறகு டாக்டர்கள் எடுக்கும் கடைசி அஸ்திரங்களில் ஒன்று அது. 2015 நவம்பரில் சீன ஆய்வாளர்கள் ஒரு செய்தி சொன்னார்கள். கொலிஸ்டினைத் தாங்கும் 'எம்சிஆர்-1' மரபணு, பன்றி, இறைச்சி, நோயாளிகள் ஆகிய மூன்றிலும் கிடைத்த பாக்டீரியாக்களில் இருந்தது. ஒரு பாக்டீரியாவில் இருந்து இன்னொன்றுக்கு அது தாவவும் செய்தது. 2017ல் சீனா, வளர்ச்சிக்காகத் தீவனத்தில் கொலிஸ்டின் சேர்ப்பதை நிறுத்தியது.

இந்தியா 2019 ஜூலையில் அடியெடுத்து வைத்தது. உணவுக்காக வளர்க்கும் கால்நடை, கோழி, மீன் வளர்ப்பு, தீவனச் சேர்க்கை ஆகியவற்றுக்காகக் கொலிஸ்டினைத் தயாரிக்கவும் விற்கவும் மத்திய சுகாதார அமைச்சகம் தடை விதித்தது. 2025 மார்ச்சில் குளோராம்பெனிகால், நைட்ரோஃபுரான் மருந்துகளுக்கும் இதேபோல் தடை வந்தது. ஐரோப்பா வளர்ச்சிக்கான எல்லா ஆன்டிபயாடிக்கையும் 2006லேயே தடை செய்துவிட்டது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஒரு விஷயத்தைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. பாலில் தெரியும் ஆன்டிபயாடிக் எச்சம் பெரும்பாலும் தீவனத்தால் வருவதில்லை. மடிநோய்க்கு ஊசி போட்ட மாட்டின் பாலை உடனே கேனில் ஊற்றுவதால் வருவது. மருந்து லேபிளில் நாள் கணக்கு குறிப்பிடப்படாவிட்டால், குறைந்தது 7 நாட்கள் அந்தப் பாலை விற்கக் கூடாது என்பது விதி.

சட்டத்தில் ஓட்டை எங்கே?

இந்த விஷயத்தின் மர்மமே இங்கேதான் இருக்கு. 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 'உணவு' என்றால் என்ன என்று ஒரு வரையறை உண்டு. அதில் கால்நடைத் தீவனம் சேராது என்று தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது. அதாவது, பாலைச் சோதிக்கும் அதிகாரிக்கு, அந்தப் பாலைக் கெடுத்த மூட்டையின் மேல் நேரடிப் பிடி இல்லை. 2019ல் ஆய்வு முடிவை வெளியிட்டபோது, தீவனம் வழியாகத்தான் இந்த நஞ்சு வருகிறது, நாட்டில் தீவனத்துக்கு ஒழுங்குமுறை இல்லை என்று ஆணையமே சொன்னது.

2020 ஜனவரியில் ஆணையம் ஒரு வழி தேடியது. பால், இறைச்சி தரும் கால்நடைகளுக்கான வணிகத் தீவனம் பிஐஎஸ் தரத்தில் இருக்க வேண்டும், மூட்டையில் அதன் முத்திரை வேண்டும் என்று உத்தரவிட்டது. அதன் அமலாக்கத் தேதி பிறகு தள்ளிவைக்கப்பட்டது. அப்படியே அமலானாலும், மூட்டை போட்டு விற்கும் கம்பெனித் தீவனத்தைத்தான் அது பிடிக்கும். செக்கில் இருந்து நேரடியாக வாங்கும் புண்ணாக்கு, சந்தையில் அளந்து வாங்கும் பருத்திக்கொட்டை எல்லாம் அந்த வலைக்குள் வராது.

பஞ்சாபில் 1988லேயே மாட்டுத் தீவனம், அடர் தீவனம், தாது உப்புக் கலவை ஆகியவற்றை முறைப்படுத்தத் தனி ஆணை கொண்டுவந்தார்கள். மாநில அரசு நினைத்தால் முடியும் என்பதற்கு அது சாட்சி.

விவசாயி ஏன் கவலைப்பட மாட்டேன் என்கிறார்?

கவலை இல்லாமல் இல்லை. காசு இல்லை. தமிழ்நாட்டில் பாலுக்கு விலை போடுவது கொழுப்பையும் இதர சத்தையும் அளந்துதான். அஃப்ளடாக்சின் இல்லாத பாலுக்கு ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கிடைக்காது. நல்ல புண்ணாக்குக்குக் கூடுதலாகக் கொடுத்த பணம் அவர் கையை விட்டுப் போனதுதான்.

கண்ணால் பார்த்தும் கண்டுபிடிக்க முடியாது. பூஞ்சை தெரியாத புண்ணாக்கிலும் நஞ்சு இருக்கலாம். லேப் சோதனை வேண்டும். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தீவனப் பகுப்பாய்வுக்கென்றே ஒரு ஆய்வகம் இருக்கிறது. முட்டைக் கோழிப் பண்ணைகள் நிறைந்த ஊர் என்பதால் அங்கே தேவையும் இருந்தது, வசதியும் வந்தது. சாத்தூர் பக்கம் ஒரு மாடு வைத்திருப்பவர் ஒரு கிலோ புண்ணாக்கைப் பையில் போட்டுக்கொண்டு நாமக்கல் வரைக்கும் போவாரா? சோதனை கூட்டுறவுச் சங்கம் வரை இறங்கி வந்தால்தான் இது நடக்கும்.

வெளிநாட்டில் காட்சி தலைகீழ். 2024 நவம்பரில் பிரிட்டனில், மாடு வெளியிடும் மீத்தேனைக் குறைக்க 'போவேர்' என்ற பொருளைத் தீவனத்தில் சேர்த்துப் பார்ப்பதாக ஒரு பால் நிறுவனம் அறிவித்தது. ஒழுங்குமுறை அமைப்புகள் சோதித்து அனுமதித்த பொருள்தான். ஆனாலும், மக்கள் பாலைச் சிங்கில் கொட்டி வீடியோ போட்டார்கள். அங்கே அனுமதி பெற்ற பொருளுக்கே அவ்வளவு கேள்வி. இங்கே ஆய்விலேயே சிக்கிய நஞ்சுக்குக்கூட அவ்வளவு சத்தம் எழவில்லை.

அப்போ பாலே குடிக்கக் கூடாதா?

அப்படி இல்லை. நாடு முழுக்கப் பார்த்தால் 93 சதவீத மாதிரிகள் குடிக்கப் பாதுகாப்பானவை என்றே அந்த ஆய்வு சொன்னது. இந்த நஞ்சு ஒரு டம்ளர் பாலில் ஆளைச் சாய்ப்பதும் இல்லை. வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்வதுதான் கவலை. உடல் எடையோடு ஒப்பிட்டால் அதிகம் பால் குடிப்பவர்கள் குழந்தைகள் என்பதால், அவர்களுக்காகத்தான் இந்த வரம்பே முக்கியம்.

மாடு வைத்திருப்பவர்கள் செய்யக்கூடியவை:

- புண்ணாக்கை மொத்தமாக வாங்கி அடுக்காமல், சில வாரங்களுக்கு ஆவதை மட்டும் வாங்கலாம். மழைக் காலத்தில் இன்னும் குறைவாக.
- மூட்டையைத் தரையிலோ சுவரை ஒட்டியோ வைக்காமல், மரப்பலகை மேல் காற்றோட்டமாக வைக்கலாம்.
- கட்டி பிடித்த, வாடை அடிக்கும், நிறம் மாறிய தீவனத்தை 'வெயிலில் காயவைத்தால் சரியாகிடும்' என்று போடக் கூடாது. ஈரம் போகும், ஏற்கெனவே சுரந்த நஞ்சு அப்படியே இருக்கும்.
- கம்பெனித் தீவனம் வாங்கினால் பிஐஎஸ் முத்திரையும் தயாரிப்புத் தேதியும் பார்க்கலாம். பிஐஎஸ் தரப்படி கலப்புத் தீவனத்தில் ஈரப்பதம் 11 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

இனி என்ன?

மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று, தீவனத்துக்குக் கட்டாயத் தரச்சான்று முழுமையாக நடைமுறைக்கு வருகிறதா. இரண்டு, தமிழ்நாடு தனக்கென்று ஒரு தீவன ஆணை கொண்டுவருமா. மூன்று, பால் கொள்முதல் விலையில் கொழுப்போடு சேர்த்து நஞ்சில்லாத பாலுக்கும் ஒரு ஊக்கத்தொகை வருமா.

மூன்றாவது நடக்காமல் முதல் இரண்டும் ஓடாது. சுத்தமான தீவனத்துக்கான செலவு, இப்போதைக்கு ஒரு மாட்டை நம்பி இருக்கும் வீட்டின் தலையில்தான் விழுகிறது. பாலைக் குடிப்பது நாடு முழுக்க என்றால், அந்தச் செலவிலும் நாட்டுக்குப் பங்கு இருக்கணும்.